ஐந்து பேருக்கு ஒரு மைக்

கண்டிக்கு நான் போனது சங்கீதம் கேட்பதற்காக அல்ல. என் தங்கை தனலெட்சுமியையும் அவள் கணவர் மாணிக்கத்தையும் புதுக்கோட்டைக்கு அழைத்து வருவதற்காக. இந்தியாவில் குடியேற இருவருக்கும் அனுமதி கிடைத்திருந்தது. அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் இரண்டும் என் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில், மூலை மடங்காமல் இருந்தன. மாணிக்கம் ஒலிபெருக்கித் தொழில் செய்பவர். ஊரில் அவருக்காக ஒரு கடையும் பேசி வைத்திருந்தேன். ஐந்து நாளில் காரியம் முடியும் என்று அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை கண்டி போகும் பேருந்தில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஒரு சோதனைச் சாவடி. எல்லாரும் பையோடு இறங்கி நூறு அடி நடந்து மறுபடி ஏற வேண்டும். பேருந்து காலியாக எங்கள் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. நம் ஊரில் கெட்டுப்போன வண்டியைப் பயணிகள் தள்ளுவார்கள். இங்கே நன்றாக ஓடும் வண்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதுபோல் போகிறார்கள்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். எங்கே எத்தனை மணிக்கு நின்றோம், எத்தனை மைல் வந்தோம் என்று குறிக்காமல் இருக்க முடியாது. நாட்குறிப்பை எடுத்தேன். பக்கத்தில் கூடையோடு நடந்த அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அத உள்ள வைங்க ஐயா. எழுதுற ஆளப் பாத்தா இவங்களுக்கு ஆகாது."

"நேரம்தானே எழுதுறேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

உள்ளே வைத்தேன். பேருந்தில் ஏறியதும் மறுபடி எடுத்து, விட்டுப்போன நேரத்தைக் குறித்தேன்.

தங்கை வீடு கண்டிக்கு வடகிழக்கே வத்தேகமவில், ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால். இரண்டு அறை. முன் அறையில் பாதியை இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் பிடித்திருந்தன. முன்பு கண்டிப் பட்டணத்திலேயே கடையும் வீடும் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன் கலவரத்தில் இரண்டும் ஒரே பிற்பகலில் எரிந்தன. அதன்பின் மாணிக்கம் இங்கிருந்து சிறிய வேலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்: தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், சாவு வீடு. தனம் அன்றிலிருந்து பட்டணத்துக்குள் கால் வைக்கவில்லை. அரிசி, துணி, மருந்து எல்லாம் வத்தேகமச் சந்தையோடு சரி. வடக்கில் சண்டை வலுத்துக்கொண்டிருந்தது. வானொலிச் செய்தி வரும்போது மட்டும் அவள் அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் வைத்தாள். அம்மா கொடுத்தனுப்பிய மோர் மிளகாயை முகர்ந்து பார்த்துவிட்டு, வறுக்காமல் டப்பாவில் போட்டு மூடினாள்.

"மச்சான், ஞாயித்துக்கிழம முடியிற வரைக்கும் அந்தப் பேப்பர வெளிய எடுக்காதீங்க," என்றார் மாணிக்கம்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன மாப்பிள்ளை?"

அவர் எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து வந்தார். கண்டியில் ஒரு மண்டபத்தில், மாலை ஆறரைக்கு, அமெரிக்காவிலிருந்து ஐந்து பேர் வாசிக்கிறார்கள். ப்ளூகிராஸ் என்று பெயர். அந்த நாட்டு மலைக்காட்டு ஜனங்களின் பாட்டு. பாஞ்சோ, மாண்டலின், பிடில், கிட்டார், ஆள் உயரப் பெரிய பிடில் ஒன்று. இந்த ஐந்து பேரும் இருபத்தைந்து வருடமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள். பழைய மலைப்பாட்டைப் பழையபடியே விடாமல், நடுவில் உடைத்து, எங்கெங்கோ போய்வந்து முடிப்பார்களாம். அதற்காக அவர்கள் ஊரிலேயே பெரியவர்கள் சிலர் இவர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்களாம். இதையெல்லாம் மாணிக்கத்துக்குச் சொன்னவர் நடேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். கச்சேரிக் கமிட்டியில் இருக்கிற ஒரே தமிழர். கொழும்பு ஒலிபெருக்கிக்காரர்கள் இந்த நிலைமையில் மலைக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட, மாஸ்டர்தான் மாணிக்கத்தின் பெயரைச் சொன்னார். கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். மாஸ்டர் விடவில்லை. கடை எரிந்தபின் பட்டணத்துக்குள் மாணிக்கத்துக்குக் கிடைத்த முதல் வேலை இது.

"ஞாயித்துக்கிழம நல்லா நடந்தா இங்கேயே இருப்போம். இல்லாட்டி மூட்ட கட்டுவோம்," என்றாள் தனம். "இவரு சொன்னது. நான் சரின்னுட்டேன்."

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் நெனைக்கிறதையும் ஞாயித்துக்கிழம சொல்றேன்."

அன்றைய குறிப்பில் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். கச்சேரி நன்றாக நடக்காவிட்டால் நல்லது என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அவர்கள் இருவரையும் என்னோடு கூட்டிப் போய்விடலாம் என்றுதான்.

கமிட்டி வழியாக அந்த அமெரிக்கர்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு ஒரே ஒரு மைக் போதும், அதையும் நாங்களே கொண்டுவருவோம் என்று அதில் இருந்தது. மாணிக்கம் அதைப் படித்த அன்றிலிருந்து ஏழு மைக் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒன்று, மேலும் கைவசம் இரண்டு. அவரிடம் சொந்தமாக இருந்தவை இரண்டு. மாதா கோயில் பாதிரியார் இரண்டு கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மிச்சத்துக்காக அக்குறணைக்குப் போனோம். மாத்தளை வீதியின் இரண்டு பக்கமும் கடைகள். அவற்றில் ஒன்று ஹனீபா நானாவுடையது. மின்சாரச் சாமான் விற்கிறார். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். இஞ்சி போட்டு, பால் சேர்க்காத பிளேன்டீ வந்தது. சீனி கிடையாது. கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். நான் கருப்பட்டியை டீயில் போட்டுக் கலக்கினேன். நானா இன்னொரு துண்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"மாணிக்கம், அவங்க ஒண்ணு போதுமெண்டு எழுதி ஈக்கிறாங்க. நீ என்னத்துக்கு ஏழு சேக்கிறாய்?"

"விருந்தாளி சோறு போதும்னு சொன்னா நிறுத்திருவீங்களா நானா?"

நானா யோசித்தார். "நிப்பாட்ட மாட்டேன். இன்னும் ரெண்டு கரண்டி வைப்பேன்."

"அதேதான். நம்மகிட்ட இல்லன்னு நெனச்சு மரியாதைக்கு எழுதியிருக்காங்க. மைக்கையும் அவங்களே தூக்கிட்டு வர்றாங்களாம். இந்தியால இருந்து மச்சான் வரும்போது அரிசி தூக்கிட்டு வந்தாரா?"

நானா என்னைப் பார்த்தார். மோர் மிளகாய் கொண்டுவந்ததை நான் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு மைக்கைத் துணியில் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார்.

ஏழாவது, மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கொழுந்து லாரி ஒன்று ஒரு வளைவில் குறுக்கே நின்றுவிட்டதால் கடைசி இரண்டு மைலை நடந்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் வாசலில், கொழுந்து பறிக்கும் ராமாயி என்கிற அம்மா எங்களை நிறுத்தி, ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். தனத்துக்கு வேண்டியவர். கோயில் சாவியும் அவரிடம்தான். மைக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாரும் வந்து கேக்கலாமா தம்பி, வெள்ளக்காரன் பாட்ட?"

"கேக்கலாம் அக்கா. ஆறரைக்குத் தொடங்கும்."

"எங்களுக்குக் கடைசி பஸ் அஞ்சு மணிக்கு. பாட்ட நீயே கேட்டுட்டு வந்து பாடிக் காட்டு."

திரும்பும்போது சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் மாணிக்கத்தின் சாக்கைத் திறந்து ஒரு மைக்கை வெளியே எடுத்தான். கம்பி, உலோகம், சாக்கு. நான் என் கடவுச்சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மாணிக்கம் அதை வாங்கி, எந்தக் கம்பியோடும் சேராத அந்த மைக்கில், சாலையைப் பார்த்து, "ஹலோ, எக்க, தெக்க, துன," என்றார். சிங்களத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. சிப்பாய் சிரித்துவிட்டான். ஒவ்வொரு சாவடியிலும் இப்படித்தானாம். மூன்று வருடத்தில் இந்த ஹலோ தவறியதில்லை என்றார்.

சனி மூன்று மணிக்கு மண்டபத்தில் ஏழு மைக்கும் வரிசையாக நின்றன. மாணிக்கம் ஒவ்வொன்றையும் துடைத்திருந்தார். ஐந்து அமெரிக்கர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. கசங்கிய சட்டை. மாண்டலின்காரர் வால்டர்தான் தலைவர். வெள்ளைத் தாடி. அவர் மேடையைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மைக்காக நின்று, தலை சாய்த்து, வணக்கம் சொல்வதுபோல் ஏதோ சொன்னார். பிறகு நடேசன் மாஸ்டரிடம் பேசினார்.

"மாணிக்கம், கோவிக்காதையும்," என்றார் மாஸ்டர். "எல்லாம் நல்ல மைக்காம். ஆனா அவைக்கு ஒண்டுதான் வேணுமாம். உண்மையாத்தான் எழுதினவையாம்."

"ஏன் மாஸ்டர்? ஆளுக்கு ஒண்ணு இருந்தா நல்லதுதானே?"

"ஆளுக்கொண்டு இருந்தா ஆளாளுக்குத் தன்ரை சத்தத்தைத்தான் பாப்பினமாம். ஒண்டு எண்டா மற்றவன்ரை வாசிப்பைக் கேக்கத்தானே வேணும்."

"அப்ப எனக்கு என்ன வேல?"

மாஸ்டர் கேட்டுச் சொன்னார். "கூட்டுறது குறைக்கிறதை அவையின்ரை கால் பாத்துக்கொள்ளுமாம். மண்டபம் உம்மடை பொறுப்பாம்."

மாணிக்கம் ஏழு மைக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பியைச் சுருட்டி, மேடை ஓரத்தில் வைத்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

பிறகு நடந்ததை நான் முன்பு எங்கும் பார்த்ததில்லை. நடுவில் அவர்கள் கொண்டுவந்த ஒரே மைக். ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். யாருடைய முறை வருகிறதோ அவர் ஒரு எட்டு முன்னே வருவார். மற்றவர்கள் பேச்சில்லாமல் பின்னே போவார்கள். பாஞ்சோக்காரர் முன்னே வரும்போது பிடில்காரர் தன் வில்லைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நழுவி வழி விடுவார். பாடும்போது மூன்று பேர் கன்னம் உரசுகிற தூரத்தில் தலைகளைக் கொண்டுவந்து, பாட்டு முடிந்ததும் பூ விரிவதுபோல் விலகுவார்கள். பெரிய பிடில் மட்டும் பின்னாலேயே நிற்கும். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை. நம் ஊர்க் கச்சேரியில் மிருதங்கக்காரர் தன் மைக்கைக் கூட்டச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார். அது ஞாபகம் வந்தது.

நாட்குறிப்பை எடுத்து மண்டபத்தை வரைந்தேன். நீளம், அகலம், வாசல்கள் நான்கு, ஒவ்வொன்றின் அகலம். மேடையில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து பெருக்கல் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் வட்டத்துக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்பதையும் எழுதினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

ஆனால் மண்டபத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. ஐந்து பேரின் சத்தத்தை ஒரே மைக் எட்டிப் பிடிக்க வேண்டும் என்றால் அதைக் கூட்டி வைக்க வேண்டும். கூட்டினால் மண்டபம் கூவியது. காதைக் கிழிக்கிற ஊளை. குறைத்தால் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. வால்டர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வாசலில் நின்ற கமிட்டிக்காரர்கள் இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை மாஸ்டர் மொழிபெயர்க்கவில்லை.

மாணிக்கம் மேடையை விட்டு இறங்கி மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் போய் நின்று ஒருமுறை கை தட்டினார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நாலு மூலையும் முடிந்தபின் மாஸ்டரிடம் வந்தார்.

"இது காலி ஹால் மாஸ்டர். காலி அண்டாவுக்குள்ள பேசுற மாதிரி. பதினஞ்சு வருசம் இதுல வேல செஞ்சிருக்கேன், எனக்குத் தெரியும். நாளைக்கு மத்தியானம் எண்பது ஆள உக்கார வச்சுப் பாக்கணும். சும்மா ஆள் இல்ல. கம்பளியோட."

தோட்டத்தில் மழைக்கும் குளிருக்கும் போர்த்துகிற கறுப்புக் கம்பளி. அது சத்தத்தைக் குடிக்கும் என்றார். மாஸ்டர் இதை எப்படி ஆங்கிலத்தில் சொன்னாரோ, வால்டர் மாணிக்கத்தின் தோளில் கை வைத்தார். கமிட்டிக்காரர்களில் ஒருவர், நாளை மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து வேறு ஒலிபெருக்கி கொண்டுவந்து ஆளுக்கொரு மைக் வைத்துவிடுவோம் என்றார். பேருந்து நிலையத்துக்கு ஓடி, மடுல்கெல்லைப் பேருந்தின் கண்டக்டரிடம் செய்தி சொல்லி அனுப்பினோம்: ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பாட்டு, இலவசம், கம்பளி கட்டாயம்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்களை எதிர்கொண்டு கூட்டிவர என்னை அனுப்பினார்கள். பதினொன்று பத்துக்குப் பேருந்து நிலையத்தில் நின்றேன். நின்ற இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிப்பாயின் கை நாட்குறிப்பை எடுத்தது.

அவனுக்குத் தமிழ் தெரியாது. எண்கள் தெரியும். பேருந்து நேரங்களைப் பார்த்தான். சாவடிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்தான். பக்கத்தைப் புரட்டியபோது மண்டபத்தின் படம் வந்தது. நான்கு வாசல், ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து பெருக்கல் குறி.

காவல் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் என் கடவுச்சீட்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். வட்டம் ஒரு மைக், குறிகள் ஐந்து கிழவர்கள் என்றேன். எனக்கே நம்பும்படி இல்லை. இன்ஸ்பெக்டர் தொலைபேசியில் கச்சேரியின் பெயரைச் சொல்வது கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாணிக்கத்தின் மச்சான் மண்டபத்தின் வரைபடத்தோடு பிடிபட்டான் என்று கமிட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். பட்டணத்தில் அவருக்கு இனி எந்தக் கதவும் திறக்காது. வியாழக்கிழமை நான் ஆசைப்பட்டது, என் கையெழுத்திலேயே, அளவு சகிதம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆசையை நினைக்கக் கூசியது.

ஐம்பது நிமிடம் கழித்து வாசலில் ஒரு பெண் குரல் சிங்களத்தில் வேகமாகக் கேட்டது. சொற்கள் புரியவில்லை, குரல் புரிந்தது.

தனம் உள்ளே வந்தாள். யாருடையதோ ஒரு கம்பளி தோளில் கிடந்தது. தோட்டத்துப் பேருந்து வத்தேகமவில் நின்றபோது ராமாயி அவளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாராம். மண்டபத்துக்கு வந்து பார்த்தால் நான் இல்லை. என்னைச் சிப்பாய்கள் கூட்டிப் போனதைக் கண்டக்டர் பார்த்திருக்கிறான். மாணிக்கத்திடம்கூடச் சொல்லாமல், கடைத்தெரு வழியாக, எரிந்துபோன கடை இருந்த இடத்தைக் கடந்து, தனியாக நடந்து வந்திருக்கிறாள்.

அவள் இன்ஸ்பெக்டரிடம் பேசியதைப் பிறகு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்: "இவர் என் அண்ணன். எதைப் பார்த்தாலும் அளப்பார், எழுதுவார். என் கல்யாணத்தில் தாலி கட்டின நிமிஷத்தை எழுதி வைத்தவர். அழுதாரா என்று கேளுங்கள், அது எழுதியிருக்காது. படத்தில் இருக்கிற ஐந்து பேரும் இப்போது மண்டபத்தில் நிற்கிறார்கள். வந்து எண்ணிப் பாருங்கள்."

இன்ஸ்பெக்டர் நாட்குறிப்பை மூடிக் கையில் எடுத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மண்டபத்தில் எண்பத்து மூன்று பேர் கம்பளி போர்த்திக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். காவல்துறை உடுப்பைக் கண்டதும் பேச்சு அப்படியே நின்றது. பின் வரிசையில் இரண்டு பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு எழுந்தே விட்டார்கள். மாணிக்கம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கையை எடுத்தார். தனம் அவர்களிடம் தமிழில், "உக்காருங்க அக்கா, பாட்டுக் கேக்கத்தான் வந்திருக்காரு," என்றாள்.

மாஸ்டர் படத்தை வால்டரிடம் காட்டி விஷயத்தைச் சொன்னார். வால்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். மற்ற நால்வரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஐவரும் மேடையேறி அவரவர் குறியில் போய் நின்றார்கள். வால்டர் கீழே குனிந்து காலைப் பார்த்தார். மாஸ்டர் மொழிபெயர்த்தார்: "படம் நல்லாயிருக்காம். ஆனா தன்னைப் பாஞ்சோக்காரனுக்கு ஆறு அங்குலம் கிட்டப் போட்டிருக்கிறீராம். இவ்வளவு கிட்ட நிண்டா ரெண்டு பேருக்கும் சண்டை வருமாம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "வாசியுங்கள்," என்றார்.

மாணிக்கம் ஆம்ப்ளிஃபயரின் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார். நேற்றுக் கூவிய இடம் வந்தது. தாண்டியது. கூவவில்லை. இன்னும் கூட்டினார். பாஞ்சோ மழைச்சாரல்போல் விழுந்தது, ஒவ்வொரு துளியும் தனியாக. கடைசி வரிசையில் இருந்த கமிட்டிக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். கேட்கிறது.

இரண்டு பாட்டில் சோதனை முடிந்திருக்க வேண்டும். அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு ஓடைக்கரைப் பாட்டில் மாண்டலின் புறப்பட்டுப் போயிற்று. எங்கே போகிறது என்று தெரியாத போக்கு. நம் வித்துவான் ஆலாபனையில் பாதையை விட்டுவிட்டு ஒரே ஸ்வரத்தைச் சுற்றுவாரே, அதுபோல. மற்றவர்கள் காலால் இடம் விட்டுவிட்டுப் பின்னால் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது ஐவரும் ஒரே எட்டில் உள்ளே வந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த தப்படிக்கிற கிழவர் தொடையில் தட்டி, "அந்த ஆளப் போக விட்டுட்டு நிக்கிறான் பாரு. நம்ம செட்டுல ஒருத்தன் விடுவானா?" என்றார்.

"இத்தினி பேருக்கு ஒரே மைக்கு," என்றார் ராமாயி. "எங்க கங்காணி மகன் கல்யாணத்துக்கே மூணு வச்சாங்க."

"மூணுலயும் கங்காணிதான் பேசினாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மாணிக்கம் மேடையைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடி, கை திருகின்மேல் இருக்க, மண்டபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நான்காவது பாட்டின்போது என் நாட்குறிப்பிலிருந்து படம் இருந்த தாளை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாட்குறிப்பை என்னிடம் திருப்பித் தந்தார். ஆறாவது பாட்டு முடிந்துதான் போனார். என் நாட்குறிப்பில் அந்தத் தாள் இன்றும் இல்லை.

நாலரைக்குத் தோட்டத்து ஆட்கள் கிளம்ப வேண்டும். மாலையில் வருகிறவர்கள் கம்பளியோடு வர மாட்டார்களே என்றார் மாணிக்கம். ராமாயி தன் கம்பளியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். மற்றவர்களில் பலரும் போட்டார்கள். நாற்பத்தாறு கம்பளிகள். பின் சுவரிலும் ஜன்னல்களிலும் தொங்கவிட்டோம். எது யாருடையது என்று தனம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வால்டர் வாசலில் நின்று வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். பெண்கள் சிலர் கையைக் கொடுக்காமல் கும்பிட்டார்கள். அவரும் மாண்டலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

தனமும் நானும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, எதிர்க் கடையில் வாங்கிய பிளேன்டீயைக் குடித்தோம். ஐந்தேமுக்கால் இருக்கும். சீட்டு வாங்கியவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"அண்ணே, அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சு வைங்க."

என்ன சொல்வது என்று நான் கேட்கவில்லை. "பயமில்லையா தனம்?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு. வத்தேகமயில ஒளிஞ்சிருக்கும்போதும் இருந்திச்சு. இன்னைக்கு நடந்து வரும்போதும் இருந்திச்சு. நடந்து வரும்போது கொஞ்சம் கொறைச்சல்." தம்ளரைச் சுழற்றினாள். "நாளைக்கு நாப்பத்தாறு கம்பளி திருப்பிக் குடுக்கணும். அதுக்கப்புறம் இவரு கண்டியில ஒரு கடைக் கதவு பாக்கணும்ங்கிறாரு."

"நீயே அம்மாவுக்கு ஒரு வரி எழுதேன்."

"நான் எழுதினா அழுவாங்க. நீங்க எழுதினா நேரமும் தூரமும்தான் இருக்கும். அழுறதுக்கு எடமே இருக்காது."

அவள் முடிவு சரியா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அதன் பிறகு வந்த வருடங்களில், செய்தியில் கண்டியின் பெயர் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றுதான் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று பெட்டியிலிருந்த படிவங்களை நான் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆறரை ஆனதும் உள்ளே போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. நடு வரிசையில் எனக்கு ஒரு கதிரை கிடைத்தது. பக்கத்துக் கதிரையில் கைக்குட்டையை விரித்து, தனத்துக்காகப் பிடித்து வைத்தேன். இரண்டு பேர் வந்து கேட்டார்கள். ஆள் வருகிறது என்றேன். விளக்கு அணைந்தது. ஐந்து பேரும் ஒரு மைக்கை நோக்கி நடந்து வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் கடைசியில், கம்பளிகளுக்கு முன்னால், தனம் மாணிக்கத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையை அடுத்து வந்தவருக்குக் கொடுத்தேன்.